10 ஜிகாபிட் லிங்க் சும்மா கிடக்க, 100 மெகாபிட்டில் ஓடும் ட்ராஃபிக்: இரண்டு ஏபிஆர்களுக்கு நடுவே ஓஎஸ்பிஎஃப் பாதைத் தேர்வு

தலைமை அலுவலகத்தில் இரண்டு எல்லை ரவுட்டர்கள் (ஏபிஆர்). நடுவே 10 ஜிகாபிட் ஃபைபர். இரண்டிலிருந்தும் கிளை அலுவலகத்துக்கு ஒவ்வொரு லிங்க்: ஒன்று பழைய 100 மெகாபிட், மற்றது புதிய 1 ஜிகாபிட். நெய்பர்கள் எல்லாம் ஃபுல் நிலையில் இருக்கின்றன, காஸ்ட்டும் (ஒவ்வொரு லிங்க்குக்கும் தரும் செலவு எண்) முறையாகப் போட்டாயிற்று. ஆனாலும் முதல் ரவுட்டரில் நுழைகிற பாக்கெட் 100 மெகாபிட் வழியாகத்தான் கிளைக்குப் போகிறது. காஸ்ட்டை எவ்வளவு ஏற்றினாலும் நகர மறுக்கிறது.

இது பக் அல்ல. ரவுட்டர்கள் தமக்குள் பாதை பகிர்ந்துகொள்ளும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப், காஸ்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே வேறு இரண்டைப் பார்த்துவிடுகிறது: ரூட்டின் வகை என்ன, அது எந்த ஏரியா (நெட்வொர்க்கைப் பிரித்த பகுதி) வழியாகக் கிடைத்தது. இந்தப் பதிவில் அந்தக் கோளாறை லேபில் அப்படியே உண்டாக்கி, எந்தக் கட்டளையில் எது தெரிகிறது, எந்தத் திருத்தம் பலிக்கிறது, எது பலிக்காது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

லேப் அமைப்பு

டெபியன் விர்ச்சுவல் மெஷின்கள் மூன்று, அவற்றில் எஃப்ஆர்ஆர் (லினக்ஸில் ஓடும் ரவுட்டிங் மென்பொருள்). ஒவ்வொன்றுக்கும் 512 எம்பி ரேம் தாராளம். இரண்டு முனையிலும் பிங் அடிக்க ஆளுக்கொரு சின்ன லினக்ஸ் மெஷின். எஃப்ஆர்ஆரின் டீமன்ஸ் ஃபைலில் ஓஎஸ்பிஎஃப்டி வரியை 'யெஸ்' ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரவுட்டர்கள் மூன்றிலும் ஐபி ஃபார்வர்டிங்கை 1 ஆக்க வேண்டும்.

ஆர்1, ரவுட்டர் ஐடி 1.1.1.1. ஏரியா 0 (பேக்போன்), ஏரியா 1 இரண்டிலும் கால் வைத்திருக்கிறது, அதனால் ஏபிஆர். ஆர்2, ஐடி 2.2.2.2, இதுவும் அப்படியே. கூடவே இன்டர்நெட் லிங்க் இதில்தான் முடிகிறது, அதனால் இது ஏஎஸ்பிஆரும்கூட (வெளி ரூட்டுகளை உள்ளே அறிவிக்கும் ரவுட்டர்). ஆர்3, ஐடி 3.3.3.3, கிளை ரவுட்டர், முழுக்க ஏரியா 1.

ஆர்1–ஆர்2: 10.0.12.0/30, ஏரியா 0, இரு பக்கமும் ஈத்1, காஸ்ட் 10
ஆர்1–ஆர்3: 10.1.13.0/30, ஏரியா 1, ஆர்1-இல் ஈத்2, காஸ்ட் 1000
ஆர்2–ஆர்3: 10.1.23.0/30, ஏரியா 1, ஆர்2-இல் ஈத்2, காஸ்ட் 100
ஆர்1-இன் சர்வர் லேன்: 10.0.10.0/24, ஏரியா 0, ஈத்3, காஸ்ட் 10
ஆர்3-இன் கிளை லேன்: 10.1.50.0/24, ஏரியா 1, ஈத்3, காஸ்ட் 100

இந்தக் காஸ்ட்கள் ரெஃபரன்ஸ் பேண்ட்விட்த் 100 ஜிகாபிட் என்ற கணக்கில் வந்தவை. சிஸ்கோ ஐஓஎஸ், ஜூனோஸ், எஃப்ஆர்ஆர் மூன்றிலும் இயல்பான ரெஃபரன்ஸ் 100 மெகாபிட்தான். அதை மாற்றாமல் விட்டால் 100 மெகாபிட்டுக்கும் 10 ஜிகாபிட்டுக்கும் ஒரே காஸ்ட் 1 வந்து நிற்கும். சிஸ்கோவின் நெக்ஸஸில் இயல்பு 40 ஜிகாபிட். ஆக, இரண்டு வகைப் பெட்டிகள் கலந்த நெட்வொர்க்கில் முதலில் 'ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்விட்த்' எல்லாவற்றிலும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். லேபில் மட்டும் ஆட்டோ காஸ்ட்டை நம்பாதீர்கள். விர்ச்சுவல் நெட்வொர்க் கார்டு தன் வேகமாக எதைச் சொல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் கையாலேயே போடுங்கள்:

இன்டர்ஃபேஸ் ஈத்2
 ஐபி ஓஎஸ்பிஎஃப் ஏரியா 1
 ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் 1000
 ஐபி ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் பாயின்ட்-டு-பாயின்ட்

ரவுட்டர்களை இணைக்கும் லிங்க்குகள் மூன்றுக்கும் பாயின்ட்-டு-பாயின்ட் போடுங்கள். டிஆர் (லிங்க்கின் தலைமை ரவுட்டர்) தேர்தலும் இல்லை, டைப் 2 எல்எஸ்ஏவும் (ரவுட்டர்கள் பரப்பும் தகவல் அறிக்கை) இல்லை, டேட்டாபேஸைப் படிப்பது சுலபம். லேன் இன்டர்ஃபேஸ்கள் பேசிவ். 100 மெகாபிட் லிங்க் நிஜமாகவே 100 மெகாபிட்டாக நடந்துகொள்ள, அதன் இரு முனையிலும் டிசி கட்டளையால் டிபிஎஃப் க்யூ ஒன்றை வையுங்கள்: ரேட் 100 எம்பிட், பர்ஸ்ட் 256 கேபி, லேட்டன்சி 50 எம்எஸ். பர்ஸ்ட்டை மிகச் சிறியதாக வைத்தால் 100-ஐ எட்டாமலே நின்றுவிடும்.

கடைசியாக ஆர்2-இல் இன்டர்நெட் பக்கம் ஒரு ஸ்டாட்டிக் டீஃபால்ட். ஓஎஸ்பிஎஃப் பகுதியில்:

டீஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட் மெட்ரிக் 1 மெட்ரிக்-டைப் 2

இன்டர்நெட் பக்க இன்டர்ஃபேஸை ஓஎஸ்பிஎஃப்புக்குள் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பது கடைசியில் வருகிறது.

முதல் கோளாறு: கிளைக்குப் போகும் பாதை

சர்வர் லேனில் 10.0.10.10, கிளை லேனில் 10.1.50.10. சர்வரிலிருந்து ட்ரேஸ்ரூட் அடித்தால் ஆர்1, அடுத்து ஆர்3, பிறகு 10.1.50.10. அதாவது ஆர்1-இலிருந்து நேராக 100 மெகாபிட் லிங்க். கிளையிலிருந்து திருப்பி அடித்தால் ஆர்3, ஆர்2, ஆர்1, 10.0.10.10. போகும் பாதை வேறு, வரும் பாதை வேறு.

ட்ரேஸ்ரூட் வரவே இல்லை, பிங்கும் இல்லை என்றால் பதற வேண்டாம்; ஓஎஸ்பிஎஃப் சரியாகத்தான் இருக்கும். லினக்ஸின் ஆர்பி_ஃபில்டர் 1 என்றிருந்தால், ஈத்1-இல் வந்த பதில் பாக்கெட்டின் சோர்ஸ் 10.1.50.10, அந்த முகவரிக்கான ரூட்டோ ஈத்2 பக்கம் காட்டுகிறது. உடனே கெர்னல் அதைத் தூக்கிப் போட்டுவிடும். 'என்ஸ்டாட்' போட்டு ஐபி-ரிவர்ஸ்-பாத்-ஃபில்டர் கவுன்ட்டர் ஏறுகிறதா என்று பாருங்கள். இதில் பலரையும் சிக்க வைக்கும் நுணுக்கம் ஒன்று உண்டு: 'ஆல்' என்பதற்கும் அந்த இன்டர்ஃபேஸுக்கும் தனித்தனியாக உள்ள இரண்டு மதிப்புகளில் எது பெரியதோ அதுதான் நடைமுறைக்கு வரும். ஈத்1-இல் மட்டும் 0 போட்டு 'ஆல்' 1-இலேயே இருந்தால் பயனில்லை. லூஸ் முறையான 2-ஐ ஈத்1-இல் வைத்தால் போதும். நிஜ நெட்வொர்க்கில் இதே வேலையைச் செய்வது ஸ்ட்ரிக்ட் யுஆர்பிஎஃப்பும், நடுவில் உட்கார்ந்திருக்கும் ஸ்டேட்ஃபுல் ஃபயர்வாலும். "பிங் போகிறது, டிசிபி கனெக்ஷன் மட்டும் நிற்கிறது" என்று புகார் வந்தால் பாதை சமச்சீராக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

இப்போது ஆர்1-இல் காரணத்தைத் தேடுவோம். 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் ரூட்' கொடுத்தால்:

என் 10.1.50.0/24 [1100] ஏரியா: 0.0.0.1
 வயா 10.1.13.2, ஈத்2

'என்' மட்டும் இருந்தால் இன்ட்ரா-ஏரியா (ஒரே ஏரியாவுக்குள் போகும் பாதை). 'என் ஐஏ' என்றிருந்தால் இன்டர்-ஏரியா (வேறு ஏரியாவைக் கடந்து போகும் பாதை). 1100 என்பது 1000-உம் 100-உம் சேர்ந்தது. அப்படியானால் ஆர்2 வழிப் பாதை ஆர்1-க்குத் தெரியவே இல்லையா? 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ் சம்மரி 10.1.50.0' கொடுத்துப் பாருங்கள். ஏரியா 0-க்குக் கீழே ஒரே நெட்வொர்க்குக்கு இரண்டு டைப் 3 எல்எஸ்ஏக்கள் (ஒரு ஏரியாவின் ரூட்டை இன்னொன்றுக்குச் சொல்லும் சம்மரிகள்): அட்வர்டைசிங் ரவுட்டர் 1.1.1.1, மெட்ரிக் 1100. அட்வர்டைசிங் ரவுட்டர் 2.2.2.2, மெட்ரிக் 200. ஆர்2 வழியே போனால் 10 கூட்டல் 200, மொத்தம் 210. தகவல் கையிலேயே இருக்கிறது. ஆனாலும் ஆர்1 அதைத் தொடாது.

காரணம் ஆர்எஃப்சி 2328-இலேயே இருக்கிறது. 1998-இல் வந்த அந்த ஆவணத்தின்படி வகை வரிசை இது: இன்ட்ரா-ஏரியா, பிறகு இன்டர்-ஏரியா, பிறகு எக்ஸ்டர்னல் டைப் 1, கடைசியில் டைப் 2. மேல் வகையில் ஒரு பாதை இருந்துவிட்டால் கீழ் வகையின் காஸ்ட் எவ்வளவு குறைவானாலும் கணக்கில் வராது. 10.1.50.0/24 ஏரியா 1-இல் இருக்கிறது. ஆர்1-உம் ஏரியா 1-இல் இருக்கிறது. ஆகவே ஏரியா 1-க்குள்ளேயே போகும் வழி எதுவோ அதுதான். 10 ஜிகாபிட் லிங்க் ஏரியா 0-இல் இருப்பதால், அதைக் கடந்து ஏரியா 1-க்குத் திரும்பி வருவது இன்டர்-ஏரியா பாதை ஆகிவிடுகிறது.

கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும் என்பவர்கள் ஆர்1-இன் ஈத்2 காஸ்ட்டை உச்சமான 65535-க்கு ஏற்றிப் பாருங்கள். 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் ரூட்' இப்போது [65635] காட்டும், நெக்ஸ்ட் ஹாப் அதே 10.1.13.2. எண் மட்டும்தான் மாறியது. காஸ்ட்டைத் திருகித் திருகி நேரத்தை வீணாக்குவதை இந்த ஒரு சோதனை நிறுத்திவிடும். பார்த்தபின் 1000-க்குத் திருப்பிவிடுங்கள்.

கிளையிலிருந்து வரும் பாதை ஏன் சரியாக இருக்கிறது? ஆர்3 ஏரியா 1-இல் மட்டும் இருக்கிறது. 10.0.10.0/24 அதற்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் இன்டர்-ஏரியாதான். ஆர்1 சொல்லும் சம்மரி 10, போகும் செலவு 1000, மொத்தம் 1010. ஆர்2 சொல்லும் சம்மரி 20, போகும் செலவு 100, மொத்தம் 120. ஒரே வகைக்குள் வந்த பிறகு காஸ்ட் தன் வேலையைச் செய்கிறது. கோளாறு எப்போதும் ஏபிஆரில்தான் தோன்றும். ஒரே ஏரியாவுக்குள் இருக்கும் ரவுட்டரில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

இரண்டாவது கோளாறு: இன்டர்நெட்டுக்குப் போகும் பாதை

இது முதலாவதைவிடப் பொல்லாதது. ஆர்1-இல் டீஃபால்ட் ரூட்டைப் பாருங்கள்:

என் ஈ2 0.0.0.0/0 [1100/1]
 வயா 10.1.13.2, ஈத்2

இன்டர்நெட் ஆர்2-இல் இருக்கிறது. ஆர்2 ஒரே ஒரு 10 ஜிகாபிட் தாண்டலில் இருக்கிறது. ஆர்1 என்ன செய்கிறது? கிளை அலுவலகத்துக்கு 100 மெகாபிட்டில் அனுப்பி, அங்கிருந்து ஆர்2-க்கு வரவழைக்கிறது. கிளை ரவுட்டரின் தலையில் தலைமை அலுவலகத்தின் மொத்த இன்டர்நெட் ட்ராஃபிக்கும்.

இங்கே இன்ட்ரா, இன்டர் வகைச் சண்டை இல்லை. எக்ஸ்டர்னல் எல்எஸ்ஏ ஒன்றே ஒன்று: அட்வர்டைசிங் ரவுட்டர் 2.2.2.2, டைப் 2, மெட்ரிக் 1, ஃபார்வர்டு அட்ரஸ் 0.0.0.0. ஃபார்வர்டு அட்ரஸ் பூஜ்யம் என்றால் "ஏஎஸ்பிஆரையே வந்தடை" என்று பொருள். ஆகவே கேள்வி, ஆர்1 ஆர்2-ஐ எப்படி அடைகிறது என்பதாக மாறுகிறது. அதற்கென்றே உள்ள கட்டளை 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் பார்டர்-ரவுட்டர்ஸ்':

ஆர் 2.2.2.2 [10] ஏரியா: 0.0.0.0, ஏபிஆர், ஏஎஸ்பிஆர்
 வயா 10.0.12.2, ஈத்1
 [1100] ஏரியா: 0.0.0.1, ஏபிஆர், ஏஎஸ்பிஆர்
 வயா 10.1.13.2, ஈத்2

ஒரே ரவுட்டருக்கு இரண்டு வரி. இரண்டுமே இன்ட்ரா-ஏரியா: ஆர்2 இரண்டு ஏரியாவிலும் இருக்கிறதல்லவா. ஐஓஎஸ்ஸில் இதே கட்டளை சிறிய ஐ எழுத்தை இன்ட்ராவுக்கும் பெரிய ஐ எழுத்தை இன்டருக்கும் போடும். இந்த வெளியீட்டில் ஒரே ஐடி இரண்டு ஏரியாவில் தெரிந்தால் அங்கே நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். எக்ஸ்டர்னல் ரூட் ஏடாகூடமாகப் போவதற்கான காரணம் அநேகமாக அதற்குள்தான் இருக்கும்.

இந்த இரண்டில் எதை எடுப்பது என்பதற்கு இரண்டு விதிகள் உண்டு. 1994-இன் ஆர்எஃப்சி 1583 சொல்வது: காஸ்ட் குறைந்ததை எடு. ஆர்எஃப்சி 2328-இன் 16.4.1 பிரிவு சொல்வது: பேக்போன் அல்லாத ஏரியாவுக்குள் இன்ட்ரா-ஏரியா பாதை இருந்தால் அதற்குத்தான் முதல் உரிமை, பேக்போன் வழி இன்ட்ரா பாதையும் இன்டர்-ஏரியா பாதையும் அதற்கு அடுத்த நிலையில் சமம். இரண்டில் எந்த விதி ஓடுகிறது என்பதை ஆர்எஃப்சி1583-கம்பேட்டிபிலிட்டி என்ற ஒரு சுவிட்ச் முடிவுசெய்கிறது.

சிக்கலின் வேர் இங்கேதான். ஐஓஎஸ்ஸில் அந்தச் சுவிட்ச் இயல்பாகவே ஆன். ஜூனோஸிலும் ஆன், அணைக்க 'நோ-ஆர்எஃப்சி-1583' போட வேண்டும். நெக்ஸஸின் என்எக்ஸ்-ஓஎஸ்ஸிலும் எஃப்ஆர்ஆரிலும் இயல்பாக ஆஃப். பழைய ஐஓஎஸ் பெட்டியைக் கழற்றிவிட்டு அதே காஸ்ட், அதே ஏரியா, அதே கேபிளோடு நெக்ஸஸை மாட்டினால் எக்ஸ்டர்னல் ட்ராஃபிக் வேறு பக்கம் திரும்பும். கான்ஃபிக் இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஏனென்றால் வித்தியாசம் எழுதப்படாத இயல்பு மதிப்பில் இருக்கிறது.

லேபில் உறுதிசெய்ய, ஆர்1-இன் ஓஎஸ்பிஎஃப் பகுதியில் 'கம்பேட்டிபிள் ஆர்எஃப்சி1583' போடுங்கள். டீஃபால்ட் ரூட் [10/1] ஆகி நெக்ஸ்ட் ஹாப் 10.0.12.2-க்கு வந்துவிடும். 'நோ' போட்டால் பழையபடி 1100. என்எக்ஸ்-ஓஎஸ்ஸில் இதே கட்டளை 'ஆர்எஃப்சி1583கம்பேட்டிபிலிட்டி' என்று ஒரே சொல்லாக வரும்.

வேலை முடிந்தது என்று அந்த ஒரு பெட்டியில் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். 2328 அந்த விதியை மாற்றியதே லூப்பைத் தடுக்கத்தான். டொமைன் முழுக்க ஒரே அமைப்பு இருக்க வேண்டும் என்று ஆவணமே வலியுறுத்துகிறது. பாதிப் பெட்டிகளில் ஆன், பாதியில் ஆஃப் என்றால் என்ன ஆகும் என்பதையும் இதே லேபில் பார்க்கலாம். ஆர்1-க்கும் ஆர்3-க்கும் நடுவே இன்னொரு லிங்க் சேருங்கள், ஏரியா 0, காஸ்ட் 10. இப்போது ஆர்3-உம் ஏபிஆர். ஆர்3-இல் சுவிட்சை ஆன் செய்யுங்கள், ஆர்1-இல் ஆஃப். ஆர்2-ஐ அடைய ஆர்3 காஸ்ட்டை மட்டும் பார்க்கும்: ஏரியா 0 வழியே ஆர்1 மூலமாக 20, ஏரியா 1 வழியே நேராக 100. 20-ஐ எடுத்து ஆர்1-க்கு அனுப்பும். ஆர்1 பேக்போன் அல்லாத பாதையை எடுத்து ஆர்3-க்கே திருப்பி அனுப்பும். டிடிஎல் தீரும்வரை பாக்கெட் இருவருக்கும் நடுவே உதைபடும். ட்ரேஸ்ரூட்டில் இரண்டு முகவரிகள் மாறி மாறி வருவதைப் பார்த்தால் உடனே விளங்கிவிடும். சோதனை முடிந்ததும் அந்த லிங்க்கை எடுத்துவிட்டு, சுவிட்சை எல்லாவற்றிலும் ஆஃப் ஆக்கிவிடுங்கள். இனி வருவதெல்லாம் அந்த நிலையில்தான்.

இரண்டையும் ஒருசேரத் தீர்க்கும் திருத்தம்

இரண்டு கோளாறுக்கும் அடி ஒன்றே: 10 ஜிகாபிட் லிங்க் ஏரியா 0-க்கு மட்டும் தெரிகிறது, ஏரியா 1-க்குத் தெரியவில்லை. அதே கம்பியை ஏரியா 1-உம் பார்க்கும்படி செய்தால் முடிந்தது. 2008-இன் ஆர்எஃப்சி 5185, மல்ட்டி-ஏரியா அட்ஜசென்சி என்று இதற்கே வழி வகுத்தது. ஒரே பாயின்ட்-டு-பாயின்ட் லிங்க்கில் இரண்டாவது ஏரியாவுக்கும் ஓர் அட்ஜசென்சி. தனி ஐபி முகவரி வேண்டாம். ஐஓஎஸ்ஸில் அந்த இன்டர்ஃபேஸில் 'ஐபி ஓஎஸ்பிஎஃப் மல்ட்டி-ஏரியா 1'. என்எக்ஸ்-ஓஎஸ்ஸில் 'ஐபி ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப்' வரியின் இறுதியில் 'மல்ட்டி-ஏரியா 0.0.0.1'. ஐஓஎஸ் எக்ஸ்ஆரில் 'மல்ட்டி-ஏரியா-இன்டர்ஃபேஸ்'. ஜூனோஸில் ஏரியா 1-க்குக் கீழே அதே இன்டர்ஃபேஸைச் சேர்த்து 'செகண்டரி'. பிராட்காஸ்ட் வகையில் விட்டால் இது எழாது. இரு முனையிலும் பாயின்ட்-டு-பாயின்ட் கட்டாயம்.

அந்த வசதி இல்லாத பெட்டியிலும் எடுபடும் வழி விலேன் சப்-இன்டர்ஃபேஸ். லேபில் இதையே செய்யலாம். ஆர்1-இல்:

ஐபி லிங்க் ஆட் லிங்க் ஈத்1 நேம் ஈத்1.112 டைப் விலேன் ஐடி 112
ஐபி ஆட்ர் ஆட் 10.1.12.1/30 டெவ் ஈத்1.112
ஐபி லிங்க் செட் ஈத்1.112 அப்

ஆர்2-இலும் இதேபோல, முகவரி மட்டும் 10.1.12.2. பிறகு இரண்டிலும் ஈத்1.112-ஐ ஏரியா 1, காஸ்ட் 10, பாயின்ட்-டு-பாயின்ட் ஆக்குங்கள். நெய்பர் எக்ஸ்-ஸ்டார்ட்டிலேயே நின்றால் எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு) இரு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள்; நடுவில் சுவிட்ச் இருந்தால் விலேன் டேக் சேர்ந்த ஃப்ரேமை அது விடுகிறதா என்றும் பாருங்கள். 'எம்டியு-இக்னோர்' போட்டுத் தாண்டிப்போவது கெட்ட பழக்கம்: அட்ஜசென்சி எழும், பெரிய டேட்டா பாக்கெட் விழும்.

இப்போது ஆர்1-இல் 10.1.50.0/24 [210], வயா 10.1.12.2: 10, 100, 100. இன்ட்ரா-ஏரியாவாகவே இருக்கிறது, குறைந்த காஸ்ட் வென்றது. பார்டர்-ரவுட்டர்ஸ் பட்டியலில் 2.2.2.2-க்கு இரண்டு வரியும் [10]. சுவிட்ச் ஆஃப் ஆகவே இருந்து ஆர்1 ஏரியா 1-ஐத் தேர்ந்தாலும் பாக்கெட் போவது அதே ஃபைபர்தான். இரண்டு திசை ட்ரேஸ்ரூட்டும் ஆர்2 வழியே. சர்வரிலிருந்து கிளைக்கு ஐபெர்ஃப்3 ஓட்டினால், முன்பு 95 மெகாபிட் அளவில் நின்றது, இப்போது 100 மெகாபிட் வரம்பைத் தாண்டிவிடும்.

நடுவே இருப்பது விலேன் விடாத லேயர் 3 சேவை என்றால் ஜிஆர்இ டனல் ஒன்றை ஏரியா 1-இல் போடலாம். டனலின் முனை முகவரிகளுக்கு டனல் வழியாகவே ரூட் கிடைத்துவிடக் கூடாது, கிடைத்தால் டனல் எழுந்து விழுந்துகொண்டே இருக்கும். எம்டியு 1476 என்பதையும் மறக்க வேண்டாம்.

பலர் முதலில் நினைப்பது வேறு: லிங்க்கையே ஏரியா 0-இலிருந்து கழற்றி ஏரியா 1-இல் போட்டுவிடலாமே என்று. செய்தால் ஆர்1-க்கும் ஆர்2-க்கும் நடுவே பேக்போன் அறுந்துபோகும். ஒட்டுப்போட விர்ச்சுவல் லிங்க் வேண்டும். ஏரியா 1 ஸ்டப்பாகவோ என்எஸ்எஸ்ஏவாகவோ (மற்ற ஏரியாக்களிலிருந்து வெளி ரூட்டுகளை உள்ளே விடாத வகைகள்) இருந்தால் விர்ச்சுவல் லிங்க் அதன் வழியே போகாது. கோளாறைத் தீர்க்க இன்னொரு கோளாறை நட்டுவைப்பதற்குச் சமம். மூன்று பெட்டி, ஐந்து பெட்டி உள்ள நெட்வொர்க் என்றால் எல்லாவற்றையும் ஏரியா 0-இல் போட்டுவிடுங்கள். இன்றைய ரவுட்டருக்கு அந்த எஸ்பிஎஃப் (குறைந்த செலவுப் பாதை காணும்) கணக்கு ஒரு பொருட்டே அல்ல. எல்லைக் கோடு எங்கே விழுகிறதோ அங்கேதான் இந்தச் சிக்கல் முளைக்கிறது. கோடு தேவையே இல்லை என்றால் எதற்கு அதை வைத்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டும்?

எம்பிஎல்எஸ் விபிஎன் எடுத்திருப்பவர்களுக்கும் இதே கதை வேறு வேஷத்தில் வரும். இரண்டு கிளைகளும் ஒரே ஏரியாவில் இருந்து, நடுவே பழைய பேக்கப் லிங்க் ஒன்றும் இருந்தால் அது இன்ட்ரா-ஏரியா. எம்பிஎல்எஸ் வழி வருவது இன்டர்-ஏரியா. பேக்கப் லிங்க் எப்போதும் ஜெயிக்கும். அதற்கு மருந்து 2006-இன் ஆர்எஃப்சி 4577 சொல்லும் ஷாம்-லிங்க். அதைச் சேவை நிறுவனம் தன் எல்லையில் வைத்திருக்கும் பிஇ ரவுட்டர்களில்தான் போட முடியும், கேட்டு வாங்க வேண்டும்.

லிங்க் அறுந்தால் என்ன ஆகும்

திருத்தம் போட்டபின் 10 ஜிகாபிட்டைப் பிடுங்கிச் சோதிக்காமல் விடக் கூடாது. இரண்டு ஏரியாவின் அட்ஜசென்சியும் இப்போது ஒரே கம்பியில் தொங்குகின்றன. விர்ச்சுவல் மெஷினில் ஒரு முனையை டவுன் செய்தால் மறுமுனைக்குக் கேரியர் போனது தெரியாமல் டெட் இன்டர்வல் 40 விநாடி காத்திருக்கும். லிங்க் விழுந்ததை விரைவில் கண்டறியும் பிஎஃப்டியை 'ஐபி ஓஎஸ்பிஎஃப் பிஎஃப்டி' என்று போட்டால் எஃப்ஆர்ஆரின் இயல்பு மதிப்பிலேயே ஒரு விநாடிக்குள் விழும். பிஎஃப்டி டீமனையும் 'யெஸ்' ஆக்க வேண்டும்.

லிங்க் போனபின் ஆர்1-க்கு ஏரியா 0-இல் சர்வர் லேன் மட்டும் மிச்சம், நெய்பர் யாரும் இல்லை. எஃப்ஆர்ஆரின் இயல்பான ஏபிஆர் வகை சிஸ்கோ. அந்த வகையில், பேக்போனில் ஃபுல் நெய்பர் ஒருவர்கூட இல்லாதபோது மற்ற ஏரியாவில் வரும் சம்மரிகளையும் ஏபிஆர் ஏற்றுக்கொள்ளும். 2003-இன் ஆர்எஃப்சி 3509 இதை விவரிக்கிறது. ஆகவே சர்வர் லேனும் ஆர்2-உம் 100 மெகாபிட் வழியே ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வார்கள். இப்போது 'ஓஎஸ்பிஎஃப் ஏபிஆர்-டைப் ஸ்டாண்டர்ட்' என்று இரண்டிலும் மாற்றிப் பாருங்கள்: அந்தச் சம்மரிகள் டேட்டாபேஸில் இருக்கும், ரூட் டேபிளில் இருக்காது.

சிஸ்கோ வகையே என்றாலும் ஓர் ஓட்டை உண்டு. ஆர்1-க்குப் பின்னால் ஏரியா 0-இல் ஒரு கோர் சுவிட்ச் ஃபுல் நிலையில் இருந்தால், ஆர்1-இன் பார்வையில் பேக்போன் உயிரோடு இருக்கிறது. ஏரியா 1 சம்மரிகளை அது தொடாது. பேக்போன் இரண்டாகப் பிளந்து, நடுவே ஏரியா 1 வழியாக நல்ல பாதை இருந்தும் பாக்கெட் விழும். தலைமை அலுவலகத்தின் இரண்டு எல்லை ரவுட்டர்களுக்கு நடுவே ஏரியா 0-இல் இரண்டாவது பாதை ஒன்று வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். வேறு கட்டடக் குழாய் வழியே 1 ஜிகாபிட் போதும்.

ஃபார்வர்டு அட்ரஸ் வரும்போது

இதுவரை ஃபார்வர்டு அட்ரஸ் பூஜ்யம். ஆர்2-இன் இன்டர்நெட் பக்க இன்டர்ஃபேஸை பிராட்காஸ்ட் வகையில், பேசிவ் ஆக்காமல் ஓஎஸ்பிஎஃப்புக்குள் கொண்டுவந்துவிட்டால் எக்ஸ்டர்னல் எல்எஸ்ஏவில் அடுத்த தாண்டலின் முகவரியே ஃபார்வர்டு அட்ரஸாக ஏறலாம். அப்போது மற்ற ரவுட்டர்கள் ஏஎஸ்பிஆரைத் தேடாது, அந்த முகவரிக்கான ரூட்டைத் தேடும். பார்டர்-ரவுட்டர்ஸ் பட்டியலை எவ்வளவு படித்தாலும் விடை கிடைக்காது.

ஏரியா 1-ஐ என்எஸ்எஸ்ஏ ஆக்கி ஆர்3-இல் ஸ்டாட்டிக் ரூட்டை ரீடிஸ்ட்ரிபியூட் செய்தால் இது கட்டாயமாகவே வரும். டைப் 7-ஐ (என்எஸ்எஸ்ஏவுக்குள் மட்டும் பரவும் எக்ஸ்டர்னல் எல்எஸ்ஏ) டைப் 5 (வழக்கமான எக்ஸ்டர்னல் எல்எஸ்ஏ) ஆக மாற்றுவது ஐடி பெரிய ஏபிஆர், அதாவது ஆர்2. ஆனால் மாற்றியவர் வழியேதான் ட்ராஃபிக் போகும் என்று எண்ண வேண்டாம். எல்எஸ்ஏவில் ஆர்3-இன் முகவரி ஃபார்வர்டு அட்ரஸாக இருக்கும், அதற்கு எது நல்ல பாதையோ அங்கே போகும். அந்த முகவரி இருக்கும் நெட்வொர்க்கை யாராவது ஏபிஆரில் 'ஏரியா 1 ரேஞ்ச்' போட்டு 'நாட்-அட்வர்டைஸ்' செய்திருந்தால், ஏரியா 0-இல் உள்ள ரவுட்டருக்கு அந்த முகவரி எட்டாது. எட்டாவிட்டால் எக்ஸ்டர்னல் எல்எஸ்ஏவை மொத்தமாக ஒதுக்கிவிடும். டேட்டாபேஸில் டைப் 5 இருக்கிறது, ரூட் டேபிளில் இல்லை என்ற புகார் வந்தால், 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ் எக்ஸ்டர்னல்' எடுத்து ஃபார்வர்டு அட்ரஸ் வரியைப் பாருங்கள். அந்த முகவரிக்கு 'ஷோ ஐபி ரூட்' கொடுங்கள். இன்ட்ரா அல்லது இன்டர்-ஏரியா ஓஎஸ்பிஎஃப் ரூட்டாக வராவிட்டால் காரணம் அதுதான். முகவரியை வெளியே தெரியவிடுவது முதல் தீர்வு. முடியாதபோது ஐஓஎஸ்ஸில், டைப் 7-ஐ மாற்றும் ஏபிஆரில் 'ஏரியா 1 என்எஸ்எஸ்ஏ ட்ரான்ஸ்லேட் டைப்7 சப்ரெஸ்-எஃப்ஏ' போட்டால் ஃபார்வர்டு அட்ரஸ் பூஜ்யமாகும். அப்போதுமுதல் ட்ராஃபிக் மொத்தமும் அந்த ஏபிஆருக்கே வந்து சேரும். அதன் லிங்க் அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.